மாமா போட்டுல ரெண்டு பேட்டரி

முதல்லயே சொல்லிடுறேன், நான் கடலுக்குப் போற ஆளு இல்ல. ஊரு பாம்பன் தான், ஆனா பொழப்பு சென்னைல, யூபிஎஸ் இன்வெர்ட்டர் சர்வீஸ். போட்டுல ஏறி ஒரு மணி நேரம் ஆனாலே வாந்தி எடுக்குற ஆளுன்னு எங்க வீட்ல சின்ன புள்ளைல இருந்து கிண்டல். அதனால இதுல கடல் பத்தி ஏதாவது தப்பா எழுதிருந்தா மன்னிச்சிருங்க, பேட்டரி பத்தி தப்பா எழுதிருந்தா திட்டுங்க.

எங்க மாமாவுக்கு ஒரு மரப் போட்டு இருக்கு. எங்க பக்கம் விசைப்படகுக்கு வாரம் மூணு நாள் தான் கடல், திங்கள் புதன் சனி, மத்த நாலு நாள் நாட்டுப்படகுக்கு. காலைல போனா ராத்திரி பூரா மடி வலை இழுத்துட்டு மறுநாள் காலைல தான் கரைக்கு வருவாங்க. வாரத்துக்கு மூணே மூணு தங்கல் (இப்படி ராத்திரி தங்கிப் போற நடை), அதுல ஒண்ணு வீணாப் போச்சுன்னா டீசல் காசு, ஐஸ் காசு, ஆள் சம்பளம்னு எல்லாமே கையவிட்டுப் போகும். போன ஜனவரில அப்படித்தான் ஒண்ணு போச்சு. ப்ரொப்பல்லர்ல வலை சுத்திக்கிச்சுன்னு இன்ஜின நிறுத்திட்டு ரெண்டு பேரு கீழ இறங்கி அறுத்துட்டு இருந்திருக்காங்க, வெளிச்சம் வேணும்ல, அதனால டெக்கு லைட்டு மொத்தமும் எரிஞ்சிருக்கு, மூணு மணி நேரத்துக்கு மேல. எல்லாம் முடிஞ்சு டிரைவர் அண்ணன் சாவியத் திருகுனா டொக்குனு ஒரு சத்தம், அவ்ளோ தான். திரும்பத் திருகுனா அந்த டொக்கும் இல்ல.

சரி ஒயர்லெஸ்ல யாரையாவது கூப்பிடலாம்னு பாத்தா செட்டுல லைட்டு எரியுது, பேசுறதும் கேக்குது, மைக்க அமுக்குனா மட்டும் செட்டு செத்துப் போகுது. இதக் கேட்டதும் எனக்கு உடனே புரிஞ்சுது. சும்மா கேட்டுட்டு இருக்கும்போது விஎச்எஃப் செட்டு (அந்த ஒயர்லெஸ் தான்) அரை ஆம்பியர் கூட எடுக்காது, 25 வாட்டுல பேசும்போது அஞ்சு ஆறு ஆம்பியர் இழுக்கும், காஞ்சு கெடக்குற பேட்டரில அத இழுத்தா வோல்ட்டு அப்படியே குப்புற விழுந்துரும். அதாவது போட்டுல இருக்குறவங்களுக்கு ஊரு பேசுறது எல்லாம் கேக்குது, அவங்க பேசுறது ஒருத்தருக்கும் கேக்கல. ஜிபிஎஸ்ஸும் அணைஞ்சு போச்சு. எந்தப் பக்கம் நீரோட்டம் இழுத்துட்டுப் போகுதுன்னு தெரியாம பாக் நீரிணைல ராத்திரில மிதக்குறதுன்னா என்னன்னு எங்க ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. 1974ல இலங்கைக்கும் நமக்கும் நடுவுல போட்ட எல்லைக் கோடு தண்ணி மேல தெரியாது, ஜிபிஎஸ் ஸ்கிரீன்ல தான் தெரியும். விடியக்காலைல பக்கத்துல வந்த ஒரு போட்டுக்காரங்க டார்ச் அடிக்கிறதப் பாத்துட்டு கயிறு போட்டு இழுத்துட்டு வந்துட்டாங்க, நல்லவேளை.

மாமா எனக்கு போன் பண்ணி முதல்ல கேட்ட கேள்வி, "மாப்ள, ரெண்டு பேட்டரி இருக்குதுல்லடா, எப்படிடா ரெண்டும் ஒண்ணா சாகும்?"

நியாயமான கேள்வி தான். விஷயம் என்னன்னா அந்த ரெண்டு பேட்டரியும் ப்ளஸ்ஸோட ப்ளஸ், மைனஸோட மைனஸ் சேத்து முறுக்கி வச்சிருந்தது. பேரலல். அப்படி இருந்தா அது ரெண்டு பேட்டரி இல்ல மாமா, கொஞ்சம் பெரிய ஒரே பேட்டரின்னு சொன்னேன், அவரு நம்பல. அதுலயும் ஒண்ணு புதுசு, ஒண்ணு மூணு வருசத்துப் பழசு. 12 வோல்ட் பேட்டரிக்குள்ள ஆறு செல்லு இருக்கும், ஒவ்வொண்ணும் ரெண்டு வோல்ட் சொச்சம். பழசுல ஒரு செல்லு ஷார்ட் ஆயிருச்சுன்னா அது பத்தரை வோல்ட்டு பேட்டரி ஆயிரும், பக்கத்துல நல்லா இருக்குற புது பேட்டரி தன் சார்ஜ அதுக்குள்ள கொட்டிக்கிட்டே இருக்கும், லைட்டே போடலன்னாலும். நான் போய் ரெண்டையும் பிரிச்சு ஒரு ராத்திரி தனித்தனியா வச்சுட்டு காலைல மீட்டர் வச்சுப் பாத்தா புதுசு 12.5, பழசு 10.4. ஆசிட் அடர்த்தி பாக்குற ஹைட்ரோமீட்டர விட்டுப் பாத்தா அஞ்சு செல்லுல ஆசிட் ஓரளவு நிக்குது, கடைசி செல்லுல மிதவை எந்திரிக்கவே இல்ல. மாமாகிட்ட காட்டுனேன். அப்ப தான் "சரி, என்ன பண்ணணும்னு சொல்லு"ன்னாரு.

தடைக்காலம் வரட்டும்னு முடிவு பண்ணோம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கிழக்குக் கடற்கரை பூரா விசைப்படகு கட்டிக் கெடக்கும், அந்த நேரத்துல தான் கலபத்து (பலகை இடுக்க அடைக்கிற வேலை), பெயிண்டு, இன்ஜின் வேலை எல்லாம் நடக்கும். நானும் ஆபீஸ்ல பத்து நாள் லீவு போட்டுட்டு ஊருக்குப் போனேன். புதுப் பாம்பன் பாலம் அப்பத் தான் திறந்து ஒரு மாசம், ரயில்ல அது மேல போகும்போது எல்லாரும் ஜன்னல்ல போன நீட்டி வீடியோ எடுக்குறாங்க, நான் மட்டும் பேப்பர்ல வயர் கணக்கு போட்டுட்டு இருந்தேன்.

கணக்குன்னா பெருசா ஒண்ணும் இல்ல. இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டரே எல்லாத்துக்கும் கரண்டு குடுத்துரும், அதனால இன்ஜின் நிக்கிற நேரத்துக்கு மட்டும் பாத்தா போதும். ஜிபிஎஸ்ஸும் ஆழம் பாக்குற எக்கோ சவுண்டரும் சேத்து 2 ஆம்பியர், ஒயர்லெஸ் சும்மா இருக்க அரை, மாஸ்ட் லைட்டும் பக்க லைட்டும் எல்இடி மாத்துனா 1, டெக்கு லைட்ல பாதி போட்டா மூணு மூணரை, ஒரு சின்ன ஃபேன் ஒண்ணரை, ஏழு பேரு போன் சார்ஜு ஒண்ணு. கூட்டுனா ஒம்பது ஒம்பதரை ஆம்பியர். அஞ்சு மணி நேரம் நின்னா 46, 47 ஆம்பியர் ஹவர். லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்கு மேல காலி பண்ணா ஆயுசு குறையும், அப்ப 100 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) பேட்டரினா விளிம்புல நிக்குது. அதுலயும் அந்த 100ங்கிறது 20 மணி நேரத்துல மெதுவா எடுத்தா தான் 100. இத 1897லயே பாய்கெர்ட்னு ஒரு ஜெர்மன்காரர் கண்டுபிடிச்சு சூத்திரம் போட்டு வச்சுட்டாரு: 5 ஆம்பியர் இழுத்தா 20 மணி நேரம் வர்ற பேட்டரி, 20 ஆம்பியர் இழுத்தா அஞ்சு மணி நேரம் வராது, சுமாரான பேட்டரினா மூணரை மணி நேரத்துல மூச்ச விட்டுரும். அதனால லைட்டு, ஜிபிஎஸ், ஒயர்லெஸ்ஸுக்குன்னு 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒண்ணு வாங்குனோம், வீட்டு இன்வெர்ட்டருக்கு போடுற ஜாதி தான், ஆனா உயரம் குறைஞ்ச மாடல். நெட்டையா இருக்குறத போட்டுல வச்சா ஆட்டத்துல சாயும், ஆசிட் சிந்தும். ஸ்டார்ட்டுக்கு சாதாரண வண்டி பேட்டரியே. ஏன் ரெண்டும் வேற வேறன்னா, ஸ்டார்ட்டிங் பேட்டரில தகடு மெலிசா நிறைய இருக்கும், ஒரே நொடில முந்நூறு ஆம்பியர் கக்கும், ஆனா ஆழமா காலி பண்ணி காலி பண்ணி ஏத்துனா தகடு உதிர்ந்துரும். டியூபுலர் நேர்மாறு, மெதுவா எவ்ளோ வேணா கறக்கலாம், ஸ்டார்டருக்கு குடுக்கச் சொன்னா திணறும். பாரமாடும் பந்தய மாடும் மாதிரி, ஒரே நுகத்துல பூட்டக் கூடாது.

இங்க ஒரு இடைச்செருகல். பெரிய போட்டுல, லாரில எல்லாம் 24 வோல்ட் ஸ்டார்டர் இருக்கும், ரெண்டு பேட்டரிய சீரியஸ்ல போட்டிருப்பாங்க. அதுல ஒயர்லெஸ்ஸுக்கு 12 வோல்ட் வேணும்னு கீழ இருக்குற ஒரு பேட்டரில இருந்து மட்டும் வயர் இழுத்துருப்பாங்க. ஜெட்டில நான் எட்டிப் பாத்த போட்டு பாதில இப்படித்தான். அந்த ஒரு பேட்டரி எப்பவும் குறைஞ்சே இருக்கும், ஆல்டர்னேட்டர் ரெண்டுக்கும் சேத்து 28 வோல்ட் தள்ளும்போது குறைஞ்சது குறைஞ்சபடி இருக்க, நல்லா இருக்குற மேல் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஏறி தண்ணி கொதிச்சு வத்தும். வருசத்துக்கு ஒரு ஜோடி பேட்டரி போகுதுன்னு கம்பெனிய திட்டுவாங்க. 24ல இருந்து 12 ஆக்குற கன்வெர்ட்டர் ஒண்ணு போட்டா முடிஞ்சுது. மாமா போட்டு நல்லவேளை 12 வோல்ட்.

அடுத்து ரெண்டு பேட்டரியையும் எப்படிப் பிரிக்கிறது, ஆனா ஒரே ஆல்டர்னேட்டர்ல எப்படி ரெண்டையும் சார்ஜ் பண்றது. மாமாவோட ஃப்ரெண்டு ஒருத்தர் 1, 2, ரெண்டும், ஆஃப்னு நாலு நிலை இருக்குற திருகு சுவிட்ச் போடச் சொன்னாரு. நல்ல சாமான் தான், பல வருசமா ஓடுது. ஆனா அது ஆள நம்பி இருக்குற சாமான். கரைக்கு வந்து மீன் எறக்குற அவசரத்துல யாராவது அத "ரெண்டும்"லயே விட்டுட்டாங்கன்னா பழைய கதை தான். இன்ஜின் ஓடும்போது தெரியாம ஆஃப் வழியா திருப்புனா ஆல்டர்னேட்டருக்கு கரண்ட தள்ள இடம் இல்லாம வோல்ட்டு எகிறி அதுக்குள்ள இருக்குற டயோடு போயிரும். டயோடு ஐசோலேட்டர்னு ஒண்ணு இருக்கு, அதுல ஆளே வேணாம், ஆனா நடுவுல 0.6, 0.7 வோல்ட்ட அது சாப்பிட்டுரும், 14.2 வர வேண்டிய எடத்துல பேட்டரிக்கு 13.5 தான் வரும், அந்த வோல்ட்டுல டியூபுலர் என்னைக்கும் முழுசா நிறையாது.

நான் போட்டது வோல்ட்டேஜ் சென்சிங் ரிலே, வோல்ட்ட பாத்து தானா ஒட்டி தானா விடுற சுவிட்ச். இன்ஜின் ஸ்டார்ட் ஆகி ஸ்டார்ட்டிங் பேட்டரி வோல்ட்டு 13.3 தாண்டுனா ரிலே ஒட்டி ரெண்டு பேட்டரியையும் சேத்துரும், ரெண்டும் சார்ஜ் ஆகும். இன்ஜின் நின்னு வோல்ட்டு 12.8க்கு கீழ எறங்குனா விட்டுரும். அதுக்கப்புறம் டெக்கு லைட்ட விடிய விடிய எரிச்சாலும் ஸ்டார்ட்டிங் பேட்டரில ஒரு சொட்டு குறையாது. யாரும் எதையும் ஞாபகம் வச்சுக்க வேணாம். இது போக சேப்பு கலர்ல ஒரு எமர்ஜென்சி சுவிட்ச், எப்பவாவது ஸ்டார்ட்டிங் பேட்டரி போனா கையால ரெண்டையும் சேக்க. லித்தியம் போடலாமேன்னு கேக்குறவங்களுக்கு: அத லெட் ஆசிட் பேட்டரியோட இந்த மாதிரி ரிலேல கட்டக் கூடாது, காலியா இருக்கும்போது அது ஆல்டர்னேட்டர்ல இருக்குறத மொத்தமா உறிஞ்சி அதச் சூடாக்கிரும், நடுவுல டிசி டு டிசி சார்ஜர் வேணும். காசு இருந்தா பண்ணுங்க.

வயர் தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பாகம், ஏன்னா அங்க தான் எல்லாரும் ஏமாறுறாங்க. பழைய வயரிங்குல இன்ஜின் ரூம்ல இருந்து மேல கேபினுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம், வீட்டுக்கு போடுற வயரு. வீட்ல 230 வோல்ட்டுல ஒரு வோல்ட் போனா யாருக்கும் தெரியாது, 12ல ஒரு வோல்ட் போனா கிட்டத்தட்ட பத்து பர்சென்ட். போக 5 மீட்டர், வர 5 மீட்டர், மொத்தம் பத்து. வர்ற தூரத்த கணக்குல சேக்க பலபேரு மறந்துருவாங்க. 2.5 வயரு மீட்டருக்கு 7.4 மில்லி ஓம், பத்து மீட்டருக்கு 74, அதுல 15 ஆம்பியர் போனா 1.1 வோல்ட்டு வயர்லயே காலி. பேட்டரில 12.4 இருந்தா ஒயர்லெஸ் செட்டுக்குப் பின்னாடி 11.3. இதுல மூட்டுக்கு மூட்டு முறுக்கி டேப் சுத்தின எடத்துல பச்சையா களிம்பு பூத்து வேற கெடந்துச்சு, அது தனிக் கணக்கு. அமெரிக்காவுல ஏபிஒய்சினு போட்டுக்கு விதி எழுதுற ஒரு அமைப்பு இருக்கு, அவங்க முக்கியமான சாமானுக்கு 3 பர்சென்ட்டுக்கு மேல வயர்ல இழக்கக் கூடாதுங்குறாங்க, 12 வோல்ட்டுக்கு அது 0.36. நான் 16 ஸ்கொயர் இழுத்தேன், இழப்பு 0.17 தான். வெள்ளீயம் பூசின செம்பு வயரு தான் கடலுக்கு நல்லது, அது தேடி ஆர்டர் போட்டு வர வச்சேன். வயர் முனைல மாட்டுற தம்பிள் எல்லாத்தையும் ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல்ல அமுக்கி, பசை வச்ச ஸ்லீவ் போட்டு சுட்டு மூடுனேன். சுத்தியல்ல தட்டி தம்பிள் அடிக்கிறவங்கள பாத்தா எனக்கு ரத்தம் கொதிக்கும்.

ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும், அந்த ஏபிஒய்சி விதில 7 இஞ்சுக்குள்ளன்னு இருக்கு. காரணம் சுலபம், ஃபியூஸ் சாமான காப்பாத்த இல்ல, வயர காப்பாத்த. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவுல இருக்குற வயர காப்பாத்த ஆளே கெடையாது, மரப் போட்டுல அந்த வயர் பத்துனா நெனச்சுப் பாருங்க. ரிலேக்கு போற வயருக்கு ரெண்டு முனைலயும் ஃபியூஸ் வேணும், ஏன்னா ரெண்டு பக்கமும் பேட்டரி. டிசிக்கு வீட்டு எம்சிபி (டிரிப் ஆகுற சுவிட்ச்) போடாதீங்க, ஏசில நொடிக்கு நூறு தடவ கரண்டு சைபருக்கு வந்து போகும், பொறி தானா அணைஞ்சுரும், டிசில அது வர்றதே இல்ல. பேட்டரிய அடித்தட்டுல வச்சிருந்தாங்க, அதத் தூக்கி மேல ஒரு பலகைல பெட்டி கட்டி வச்சேன், பெல்ட்டு போட்டு இறுக்கி. பில்ஜ் தண்ணி (போட்டு அடில தேங்குறது) ஏறி உப்புத்தண்ணி ஆசிட்டுல கலந்தா குளோரின் கேஸ் வரும், கீழ ரூம்ல ஆளு இருந்தா மோசம். பெட்டிக்கு மேல காத்து போக ஓட்டையும் விட்டேன், சார்ஜ் ஆகும்போது வர்ற ஹைட்ரஜன் மேல தான் போகும்.

இப்ப மானிட்டர். மாமாவுக்கு ஒரு வோல்ட் மீட்டர் போதும்னு எண்ணம். வோல்ட் மீட்டர் பொய் சொல்லாது, ஆனா கேக்குற நேரம் தப்பா இருந்தா பதிலும் தப்பா தான் வரும். சும்மா ரெண்டு மூணு மணி நேரம் ஓய்வுல இருந்த பேட்டரில 12.6க்கு மேல இருந்தா முழுசு, 12.2 இருந்தா பாதி, 11.9 வந்துட்டா கிட்டத்தட்ட காலி. லைட்டு எரியும்போது பாத்தா குறைச்சுக் காட்டும், இன்ஜின நிறுத்துன கையோட பாத்தா கூட்டிக் காட்டும். கடல்ல எவன் மூணு மணி நேரம் எல்லாத்தையும் அணைச்சுட்டு பாக்குறது? அதனால உள்ள போற கரண்டையும் வெளிய போற கரண்டையும் எண்ணணும், பால்காரர் கணக்கு மாதிரி. அதுக்கு ஷன்ட். மைனஸ் வயர்ல தடிமனா ஒரு உலோகத் துண்டு, நூறு ஆம்பியர் போனா 75 மில்லி வோல்ட் காட்டும். ரெடிமேடா விக்ட்ரான் கம்பெனி பிஎம்வி-712, ஸ்மார்ட் ஷன்ட் எல்லாம் இருக்கு, 500 ஆம்பியருக்கு 50 மில்லி வோல்ட், ப்ளூடூத்ல போன்லயே பாக்கலாம், அருமையான சாமான். எனக்கு கை சும்மா இருக்காதே, கரண்ட அளக்குற ஐஎன்ஏ226 சிப்பு ஒண்ணும் அதப் படிச்சு கணக்கு போட ஈஎஸ்பி32 போர்டு ஒண்ணும் வாங்கி நானே செஞ்சேன். அந்தச் சிப்பு 81.92 மில்லி வோல்ட் வரைக்கும் படிக்கும், அதனால 75 மில்லி வோல்ட் ஷன்ட்ட நேரா மாட்டலாம், 2.5 மைக்ரோ வோல்ட்டு வித்தியாசத்தக் கூட பிடிக்கும், நம்ம ஷன்ட்டுக்கு அது 3 மில்லி ஆம்பியர் சொச்சம். உப்புக்காத்துக்கு போர்டு தாங்கணுமேன்னு மாமா பொண்ணோட நெயில் பாலிஷ்ல நிறமில்லாத ஒண்ண வாங்கி மூணு கோட்டு பூசுனேன், இன்னைக்கு வரைக்கும் திருப்பிக் கேக்குறா. முதல் நாள் ஆன் பண்ணதும் ஒயர்லெஸ்ல கொர்ருனு சத்தம், பாத்தா போர்டுக்கு வோல்ட்ட குறைக்க போட்ட மலிவு கன்வெர்ட்டர் தான் இரைச்சல கக்குது. அத ரெண்டடி தள்ளி வச்சு வயர்ல இரைச்சல அடக்குற ஃபெரைட் மாட்டுனப்புறம் அடங்குச்சு.

ஜூன் 15 ராத்திரி போட்டு எல்லாம் கெளம்புச்சு. நான் சென்னைக்கு வந்துட்டேன். முதல் மூணு தங்கல் ஒரு தொந்தரவும் இல்ல, மாமாவுக்கு ஒரே பெருமை. நாலாவது தங்கல் முடிஞ்சு டிரைவர் அண்ணன் போன் பண்ணாரு, "தம்பி, உங்க மிஷின் 93 பர்சென்ட்ங்குது, ஆனா லைட்டு மங்கலா எரியுது". வோல்ட்டு எவ்ளோண்ணேன்னு கேட்டா 12.1ங்கிறாரு. 93 பர்சென்ட்டுல 12.1 வரவே வராது. பேட்டரி புதுசு. ஒரு வாரம் மண்டைய பிச்சுக்கிட்டேன், ப்ரோக்ராம்ல தப்பான்னு வரி வரியா பாத்தேன், பாய்கெர்ட் எண்ண மாத்திப் பாத்தேன். கடைசில வீடியோ கால்ல பேட்டரி பெட்டியத் திறந்து காட்டச் சொன்னா, மைனஸ் முனைல ரெண்டு தம்பிள் இருக்கு. ஷன்ட்டுக்குப் போற தடி வயரு ஒண்ணு, கூடவே ஒல்லியா கறுப்பு வயரு ஒண்ணு.

அது பில்ஜ் பம்ப்பு, அடில தேங்குற தண்ணிய வெளிய எறைக்கிறது. அத மட்டும் மெயின் சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் ஓடணும்னு நேரா பேட்டரில குடுக்கணும், அது சரி தான், ப்ளஸ்ல ஃபியூஸ் போட்டு குடுத்தேன். மைனஸையும் அதே வேகத்துல பேட்டரி முனைலயே முறுக்கிட்டேன். ஷன்ட்ட தாண்டி அந்தப் பக்கம் குடுத்திருக்கணும். பம்ப்பு எடுக்குற 4 ஆம்பியர் ஷன்ட் வழியா வராம கொல்லப்புற வழியா பேட்டரிக்குள்ள போயிருது, மிஷினுக்கு அந்தக் கணக்கே தெரியாது. தடைக்காலத்துல காஞ்சு கெடந்த மரம் தண்ணில எறங்குனா பலகை ஊறி இறுகுற வரைக்கும் கொஞ்ச நாள் ஒழுகும், பம்ப்பு அடிக்கடி ஓடிருக்கு. கடைக்குப் போனத நோட்டுல எழுதிட்டு வீட்ல குடுத்த கைமாத்த எழுதாம விட்ட மாதிரி. சர்வீஸ்ல பதினோரு வருசமா இருக்கேன், இந்தத் தப்ப பண்ண ஜூனியர் பசங்கள நானே திட்டிருக்கேன். டிரைவர் அண்ணன்கிட்ட ஒரு ஸ்பேனர எடுக்கச் சொல்லி அந்த வயர மாத்த வச்சேன், பத்து நிமிஷ வேலை.

ரெண்டாவது சிக்கல் எனக்கு நெசமாவே புதுசு. ஆகஸ்ட்ல கேபின் கூரை மேல 100 வாட்டு சோலார் பேனல் ஒண்ணு போட்டோம், லைட்டு பேட்டரிக்கு. அதுல இருந்து மத்தியான நேரத்துல இன்ஜின ஸ்டார்ட் பண்ணா ஜிபிஎஸ் அணைஞ்சு அணைஞ்சு வருது, ராத்திரில பண்ணா ஒண்ணும் ஆகல. யோசிச்சுப் பாருங்க. என் ரிலே ரெண்டு பக்கமும் பாக்குற ஜாதி, எந்த பேட்டரில 13.3 வந்தாலும் ஒட்டும். வெயில்ல சோலார் லைட்டு பேட்டரிய 13.6க்கு ஏத்தி வச்சிருக்கு, ரிலே ஒட்டியே கெடக்கு, அந்த நேரம் சாவியத் திருகுனா ஸ்டார்டர் ரெண்டு பேட்டரியையும் சேத்து இழுக்குது, வோல்ட்டு பத்துக்குக் கீழ போய் ஜிபிஎஸ் மயங்கி விழுகுது. ரிலே விடுறதுக்கு சில நொடி எடுக்கும், அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுரும். ரிலேலயே அதுக்கு ஒரு சின்ன வயரு இருந்திருக்கு, சாவியோட ஸ்டார்ட் முனைல குடுத்தா திருகுற அந்த நேரம் மட்டும் ரிலேய விடுவிச்சுரும். மேனுவல்ல படம் போட்டு இருக்கு. நான் அந்த வயர மடிச்சு டேப் சுத்தி வச்சிருந்தேன், தேவையில்லைன்னு நெனச்சு.

இப்ப மாமா ஆளே மாறிட்டாரு. முன்னாடி ஜெட்டில நின்னு மீன் வெல பேசுறவரு, இப்ப மத்த போட்டுக்காரங்ககிட்ட "உங்க பேட்டரி எத்தன பர்சென்ட்டு"ன்னு கேக்குறாராம். ஃபிஷரீஸ்ல குடுக்குற சேட்டிலைட் டிரான்ஸ்பாண்டரயும் (போட்டுக்கும் கரைக்கும் சேதி அனுப்புற கருவி) லைட்டு பேட்டரிலயே குடுத்தாச்சு, 2024 ஆகஸ்ட்ல ஒரு லட்சம் போட்டுக்குன்னு ஆரம்பிச்சாங்கள்ல அந்தத் திட்டத்துல வர்றது, அது எந்நேரமும் உயிரோட இருந்தா தான் பிரயோஜனம். ஓகி புயல் நேரத்துல 2017ல எங்க அத்தை ஒயர்லெஸ் பக்கத்துல ரெண்டு நாள் தூங்காம உக்காந்திருந்தத நான் பாத்திருக்கேன், அதனால இந்த ஒரு சாமானுக்கு மட்டும் நான் ரெண்டு தடவ ஃபியூஸ் சரியான்னு பாத்தேன்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் இன்னும் புடிபடல. எல்லா சுவிட்ச்சும் ஆஃப், பம்ப்பு ஓடல, டிரான்ஸ்பாண்டர் ஃபியூஸ கழட்டியாச்சு, மிஷின் எடுக்குற கரண்டையும் கழிச்சாச்சு, அப்பவும் மீட்டர் 0.04 ஆம்பியர் காட்டுது. 40 மில்லி ஆம்பியர், ஒரு நாளைக்கு ஒரு ஆம்பியர் ஹவர் கூட வராது, விட்டுத் தொலைன்னு மாமாவே சொல்றாரு. ஒயர்லெஸ்ஸோட மெமரி வயரா இருக்கலாம், எங்கயாவது ஈரத்துல கசிவா இருக்கலாம். கசிவா இருந்தா இன்னைக்கு 40, அடுத்த மழைக்கு 400. தீபாவளிக்கு ஊருக்குப் போறேன், ஃபியூஸ ஒவ்வொண்ணா கழட்டிப் பாக்கணும். டிரைவர் அண்ணன் இப்பவே சொல்லிட்டாரு, "தம்பி, போட்டு கரைல நிக்கும்போது வாங்க, போன தடவ மாதிரி கடலுக்குள்ள வந்து வாந்தி எடுத்துட்டு இருக்காதீங்க"ன்னு.